முன்சக்கரத்தின் மேல் ஏறிய எடை

செவ்ரோலே எஸ்-10 என்ற சிறிய பிக்கப் 1982 மாடலாகச் சந்தைக்கு வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட ஜெனரல் மோட்டார்ஸ் அதில் வி-8 இன்ஜினை வைத்து விற்றதில்லை. நான்கு சிலிண்டர் அல்லது ஆறு சிலிண்டர், அவ்வளவுதான். ஆனால் ஒஹாயோ, இந்தியானா பக்கம் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் வி-8 ஏற்றிய எஸ்-10 ஒன்று கண்ணில் படும். வண்டிக்காரரே வீட்டு கராஜில் ஏற்றியதாக இருக்கும். பெருமையோடு பானட்டைத் தூக்கிக் காட்டுவார். எல்லோரும் இன்ஜினைப் பார்ப்பார்கள். நான் முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழையும் என்று பார்ப்பேன். அந்த வழக்கம் எனக்கு டேட்டனில் வந்தது.

டேட்டன் நகருக்குத் தெற்கே மொரேன் என்றொரு இடம். ஃப்ரிஜிடேர் குளிர்பெட்டிகள் செய்துகொண்டிருந்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் வாகன ஆலையாக மாற்றி, 1981 முதல் எஸ்-10 வரிசை வண்டிகளை அங்கே செய்தது. 2008 டிசம்பர் 23 அன்று ஆலை மூடப்பட்டது. அது மூடிச் சில ஆண்டுகள் கழித்து நான் அந்தப் பக்கம் வேலைக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த ஆலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரனிடம் 1998 மாடல் எஸ்-10 ஒன்று இருந்தது. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், ஆட்டோமேட்டிக் கியர். அதைக் கழற்றிவிட்டு, விபத்தில் அடிபட்ட ஒரு சில்வரடோவின் 5.3 லிட்டர் வி-8 இன்ஜினை ஏற்றுவது என்று தாத்தாவும் பேரனும் முடிவு செய்தார்கள். நான் இயந்திரவியல் படித்தவன் என்று தெரிந்ததும் சனிக்கிழமைகளில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சங்ககிரி பக்கத்தில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். ஸ்பிரிங் என்றால் எனக்குப் பட்டைதான். லாரியின் முன்பக்கம் இறங்கிவிட்டால் கட்டைப் பிரித்து, ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, யூ-போல்ட்டை முறுக்கி அனுப்புவார்கள். உயரமும் ஏறும், விறைப்பும் ஏறும். இரண்டும் ஒன்றாகவே ஏறுவதால் அவை இரண்டும் வேறு வேறு என்ற எண்ணமே பட்டறையில் யாருக்கும் வராது. சுருள் ஸ்பிரிங்கில் அப்படி இல்லை. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பது ஒன்று. பள்ளத்தில் விழும்போது எவ்வளவு எதிர்க்க வேண்டும் என்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். இன்ஜின் மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஸ்பிரிங் விஷயத்தில் அந்த கராஜில் ஆளுக்கொரு கருத்து. பேரனுடைய நண்பர்கள், பழைய செவ்ரோலே கார்களில் பெரிய வி-8 வைத்த மாடலுக்கு வரும் தடித்த ஸ்பிரிங்கை வாங்கச் சொன்னார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் நடுத்தரக் கார்களுடைய முன் ஸ்பிரிங்குகள் பலவும் எஸ்-10-இன் குழியில் உட்காரும் என்பதால் அது முடியாத காரியமும் அல்ல. பேரனோ ஆறு சிலிண்டர் எஸ்-10-க்கு, அதுவும் ஏசி வைத்த மாடலுக்கு, வரும் ஸ்பிரிங் போதும் என்று எங்கோ கேட்டுவந்திருந்தான். பெரியவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல், "இன்ஜினைக் கழற்றுவதற்கு முன்னால் வண்டியை எடைபோட்டு வாருங்கள்" என்றார். ஆலையில் ஸ்பிரிங் எப்படித் தேர்வாகும் என்று பார்த்தவர் அவர். வண்டியில் ஏறும் ஒவ்வொரு வசதியின் எடையையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்கைப் பொருத்துவது அந்த நிறுவனத்தின் வழக்கம். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறு ஸ்பிரிங் வருவதும் உண்டு. கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங் என்று 1970-களில் செவ்ரோலே விளம்பரமே செய்தது. எந்தக் குறியீட்டு ஸ்பிரிங் என்பது கையுறைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில், மற்றக் குறியீடுகளோடு சேர்ந்து அச்சாகியிருக்கும்.

ஐ-75 நெடுஞ்சாலையோரம் லாரிகள் நிற்கும் இடத்தில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கிறது. லாரியின் அச்சு ஒவ்வொன்றையும் தனித்தனித் தட்டில் நிறுத்தி எடைபோடும் அமைப்பு அது. பிக்கப்பின் முன்சக்கரங்களை ஒரு தட்டிலும் பின்சக்கரங்களை அடுத்த தட்டிலும் நிறுத்தினோம். முன்னால் 1,640 பவுண்டு, பின்னால் 1,300. இருபது இருபது பவுண்டாகத்தான் அந்த மேடை எண்ணும். அந்த நுணுக்கமே நமக்குப் போதும். புது இன்ஜின் ஏறி, ரேடியேட்டர், எண்ணெய், தண்ணீர் எல்லாம் நிரப்பி, டீசல் லாரிகளுக்கு நடுவே மறுபடி அதே மேடையில் நிறுத்தியபோது முன்னால் 1,800, பின்னால் 1,340.

இன்ஜினை மாற்றிய கதையை நான் நீட்டப்போவதில்லை. மவுன்ட், எண்ணெய்த் தொட்டி, வயரிங் என்று அதற்கே தனிக் கட்டுரை வேண்டும். எனக்கு முக்கியம் எடைமேடையில் வாங்கிய இரண்டு சீட்டுகள். கூடிய எடை 200 பவுண்டு. அதில் 160 முன்னச்சில், 40 பின்னச்சில். அதாவது ஒரு முன்சக்கரத்துக்கு 80 பவுண்டு. வி-8 என்றதும் கற்பனையில் எழும் பூதத்துக்கும் இந்த 80 பவுண்டுக்கும் எவ்வளவு தூரம்! செவ்ரோலேயின் பழைய 350 கன அங்குல வி-8 இன்ஜினில் பிளாக், ஹெட் எல்லாமே வார்ப்பிரும்பு. இந்த 5.3-இல் பிளாக் மட்டும்தான் இரும்பு, ஹெட்டுகள் அலுமினியம். பழைய தலைமுறை வி-8-க்குச் சொன்ன அறிவுரையை இதற்கும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனாலும் வண்டி குனிந்துதான் நின்றது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தால், புதிதாக வந்தபோது இருந்திருக்க வேண்டிய உயரத்தைவிட ஒன்றரை அங்குலத்துக்கும் சற்று அதிகமாகவே இறங்கியிருந்தது. 80 பவுண்டு ஒரு வண்டியை அவ்வளவு அமுக்குமா? இதை விளங்கிக்கொள்ள ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

டேட்டனுக்கு வடக்கே ராஸ்பர்க்கில் எல்டோரா ஸ்பீட்வே என்ற மண் பந்தயத்தடம் இருக்கிறது. 1954 முதல் ஓடுகிறது. அதில் கார் ஓட்டும் ஒருவர் பெரியவருக்குப் பழக்கம். மண்தடப் பந்தயக்காரர்களிடம் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எடைப்பலகைகள் இருக்கும், ஸ்பிரிங்கை அமுக்கி அளக்கும் கருவியும் இருக்கும். அவர்களுக்கு அது அன்றாட வேலை. எங்கள் ஸ்பிரிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை உதிர்த்து, அந்தக் கருவியில் நிறுத்தினார் அவர். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முள் ஏறியது. ஓர் அங்குலம் அமுங்கியதும் 400 பவுண்டு. இரண்டாவது அங்குலத்துக்கு இன்னொரு 400. அந்த மாடலின் புது ஸ்பிரிங்குக்குப் புத்தகத்தில் போட்டிருந்த விறைப்பும் அதேதான். நீளம் மட்டும் புத்தகத்தில் 14.6 அங்குலம், எங்களுடையது 14.2.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வயதான ஸ்பிரிங் 'வீக்' ஆகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். ஸ்பிரிங் விறைப்பை இழப்பதில்லை, நீளத்தைத்தான் இழக்கிறது. விறைப்பைத் தீர்மானிப்பவை எஃகின் இயல்பு, கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவைதான். ஆண்டுகள் போவதால் இவை மாறுவதில்லை. பல ஆண்டுகள் சுமையைத் தாங்கியதில் சுருள் நிரந்தரமாகக் கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இனிக் கணக்கு. எஸ்-10-இன் முன் ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக நிற்பதில்லை. சக்கரத்தைச் சேஸோடு இணைக்கும் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) நடுவில், உள்முனைக் கீலுக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் அளந்தபோது ஏறத்தாழப் பாதித் தூரம். அப்படியானால் சக்கரம் ஓர் அங்குலம் ஏறும்போது ஸ்பிரிங் அரை அங்குலம்தான் அமுங்கும். சக்கரத்தின் மேல் ஏறும் சுமையைப் போல இரண்டு மடங்கு ஸ்பிரிங்கின் மேல் விழும். இரண்டும் சேர்ந்து, ஸ்பிரிங்கின் விறைப்பு சக்கரத்துக்கு வந்துசேரும்போது நாலில் ஒரு பங்காகிவிடும். 400 பவுண்டு ஸ்பிரிங், சக்கரத்தில் வெறும் 100 பவுண்டு.

கூடுதல் 80 பவுண்டை 100-ஆல் வகுத்தால் 0.8 அங்குலம். ஸ்பிரிங் இழந்த நீளம் 0.4 அங்குலம், அது சக்கரத்தில் இரட்டிப்பாகி இன்னொரு 0.8. இரண்டையும் கூட்டினால் 1.6. நாங்கள் அளந்த இறக்கம் அப்படியே வந்துவிட்டது. பாதிப் பழி மட்டுமே இன்ஜினுடையது, மறுபாதி பதினைந்து வருட வயதுடையது. இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது பேரன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, அப்படியென்றால் அதே பழைய குறியீட்டில் புது ஸ்பிரிங் போட்டாலே பாதி சரியாகிவிடுமே என்றான். சரியாகவே பிடித்துக்கொண்டான்.

நண்பர்கள் சொன்ன தடித்த ஸ்பிரிங்கைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவற்றில் ஒன்றின் விறைப்பு அங்குலத்துக்கு 700 பவுண்டு. சக்கரம், பிரேக் முதலிய ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் பாகங்களைக் கழித்தால், ஒரு முன்சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் தாங்கும் எடை சுமார் 800 பவுண்டு. ஸ்பிரிங்கின் மேல் அது 1,600. அந்த எடைக்கு 700 பவுண்டு ஸ்பிரிங் இரண்டேகால் அங்குலம்தான் அமுங்கும். அதனுடைய சுமையில்லா நீளம் 15 அங்குலமாக இருந்தால் வண்டியின் மூக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் வானத்தைப் பார்க்கும். உடனே ஒரு சுற்றை வெட்டு என்பார்கள். வெட்டினால் நீளம் குறையும், ஆனால் சுற்றுகள் குறையக் குறைய விறைப்பு ஏறும். ஐந்து சுற்று நான்கானால் 700 என்பது 875 ஆகிவிடும். இப்படித்தான் நல்ல பிக்கப்புகள் மாட்டுவண்டியாகின்றன. சிலர் காஸ் டார்ச்சால் சுட்டு ஸ்பிரிங்கை உட்கார வைக்கிறார்கள். அந்த எஃகுக்குக் கொடுத்த பதம் அந்த இடத்தில் போய்விடும், பிறகு எப்போது எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

தடிமனைப் பற்றியும் ஒரு வார்த்தை. விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 0.65 அங்குலக் கம்பியை 0.70 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விறைப்போ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கையில் எடுத்துப் பார்த்து 'இது கொஞ்சம் தடிப்பு, போதும்' என்று தேர்ந்தெடுப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

விறைப்பு அதிகமானால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இதற்கு விடை தேடியவர் மாரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த ஆங்கிலேயப் பொறியாளர். 1932-இல் ஒரு பெரிய காரில் எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும்படி ஓர் ஏற்பாடு செய்து, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் அளவுகோல். முன்பக்கம் பின்பக்கத்தைவிட மென்மையாக, மெதுவாக ஏறி இறங்கினால்தான் கார் முன்னும் பின்னும் ஆடாமல் சமமாகப் போகிறது என்று கண்டார். மேட்டைப் பின்சக்கரம் சற்றுத் தாமதமாகத்தான் சந்திக்கிறது, அது வேகமாக ஆடி முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிட வேண்டும். இந்த ஆராய்ச்சியின் பயனாக 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டது. எஸ்-10-இன் முன்பக்கம் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

எங்கள் வண்டி நான்கு சிலிண்டரோடு இருந்தபோது அதன் முன்பக்கம் நொடிக்கு 1.17 முறை ஆடும்படி இருந்திருக்கிறது. எடை ஏறிய பிறகு பழைய ஸ்பிரிங்கோடு 1.11. 700 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் 1.46-க்குத் தாவும். 1.46 ஓடாத எண்ணல்ல, பந்தயத்துக்குப் போகிறவர்கள் அதற்கு மேலும் போகிறார்கள். ஆனால் அந்தப் பையன் பந்தயத்துக்குப் போகிறவன் அல்ல. குளிர்காலத்தில் வெடித்துக் குழி விழுந்த ஒஹாயோ சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவன்.

பிரேக் போடும்போது என்ன என்பது அவன் கேட்ட நல்ல கேள்வி. 3,140 பவுண்டு வண்டி, 108 அங்குலச் சக்கர இடைவெளி, எடைமையம் 24 அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டு, காய்ந்த சாலையில் நன்றாக அழுத்தி 0.8 ஜி அளவுக்கு வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால் முன்னச்சுக்கு 560 பவுண்டு பாய்கிறது. சக்கரத்துக்கு 280. இன்ஜின் கூட்டிய 80 பவுண்டு இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. நான்கு சிலிண்டர் நாட்களிலும் கிட்டத்தட்ட இதே சுமைதான் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் முன்னால் பாய்ந்துகொண்டிருந்தது. அதைத் தாங்கும்படிதான் ஆர்ம்களின் கோணமும் ஷாக் அப்ஸார்பரும் ரப்பர் முட்டும் அமைந்திருக்கின்றன. எனவே புது ஷாக் அப்ஸார்பர் அவசியம் என்று நான் வற்புறுத்தினேன். ஸ்பிரிங்கை மாற்றி, எண்ணெய் கசியும் பழைய ஷாக்கை விட்டுவைப்பது பாதி வேலை.

கடைசியில் 450 பவுண்டு விறைப்பும் 14.5 அங்குல நீளமும் உள்ள ஒரு ஜோடியை எடுத்தோம். ஸ்பிரிங் செய்பவர்களின் புத்தகத்தில் வண்டிப் பெயரைத் தேடாமல் அளவுப் பட்டியலைத் தேட வேண்டும். உள்விட்டம், கம்பித் தடிமன், சுமையில்லா நீளம், பொருத்திய உயரத்தில் தாங்கும் சுமை, விறைப்பு, முனைகளின் வடிவம் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது ஏசி வைத்த ஆறு சிலிண்டர் வண்டிக்கான ஸ்பிரிங்குக்கு மிகவும் நெருங்கியது. இதில் வியப்பில்லை. 4.3 லிட்டர் வி-6 என்பதே பழைய 350 வி-8-இல் இரண்டு சிலிண்டரை எடுத்துவிட்ட இன்ஜின்தான், எடையும் அதற்கேற்பக் கனம். பேரன் கேட்டுவந்த அறிவுரை சரியாகவே இருந்தது. ஆனால் ஏன் சரி என்று தெரிந்த பிறகு வாங்குவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

மாட்டும் வேலையைப் பெரியவர் எங்களிடம் விடவில்லை. அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொல்லும் என்பது அவருக்குத் தெரியும். சேஸைத் தாங்குகட்டைகளில் நிறுத்தி, ஸ்பிரிங்குக்குள் ஒரு கனமான சங்கிலியை நுழைத்துச் சேஸோடு கட்டினார். கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, பால் ஜாயின்ட்டைப் பிரித்து, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினார். எங்களை எதிரே நிற்கவிடவில்லை. புதிதை ஏற்றும்போது சுருளின் கீழ்முனையைக் கையால் திருப்பித் திருப்பி ஒரு இடத்தில் நிறுத்தினார். கீழ்க்கையின் குழியில் தண்ணீர் வடிய இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. கம்பியின் முனை ஒன்றை மூட வேண்டும், மற்றது திறந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் ஸ்பிரிங் தன் படியில் சரியாக இருக்கிறது என்று பொருள். டார்ச் அடித்து அவர் காட்டியபோது ஒரு ஓட்டையில் கம்பியின் பளபளப்பும் மற்றதில் தரையும் தெரிந்தன.

இன்னொன்றும் செய்தார். ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் முறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை முழுதும் சக்கரத்தில் நின்ற பிறகே முறுக்கினார். முன்பே முறுக்கினால் ரப்பர் முறுகி நின்று வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். உயரம் பொய் சொல்லும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் தவறு என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் இந்த ஒரு போல்ட்டைப் பார்த்தால் போதும்.

நான்கு சக்கர ஓட்டமுள்ள எஸ்-10 வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை. அதன் முன்பக்கம் முறுக்குக் கம்பியில் நிற்கிறது, ஒரு போல்ட்டைத் திருப்பினால் உயரம் ஏறும். ஆனால் விறைப்பு அதனால் மாறாது என்பதை அவர்களும் மறக்கக் கூடாது.

சில நாட்கள் ஓட்டிய பிறகு உயரத்தை அளந்தோம். புது வண்டியின் அளவுக்கு எட்டில் ஒரு அங்குலம் குறைவு, கணக்கில் வந்தது போலவே. அலைன்மென்ட் கடையில் கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் எல்லைக்குள் வந்தன. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது முன்பக்கம் ஒருமுறை அமுங்கி எழுந்து நின்றுவிட்டது.

2009 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸே எஸ்-10-இன் வாரிசான கொலராடோவில் 5.3 வி-8 வைத்து விற்றது. நான்கு ஆண்டுகளில் அதை நிறுத்தியும்விட்டது. ஆகவே பழைய சிறிய பிக்கப்பில் பெரிய இன்ஜின் வேண்டும் என்பவர்கள் இனியும் தாங்களேதான் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பழைய இன்ஜினின் முதல் போல்ட்டில் ஸ்பானரை வைப்பதற்கு முன் வண்டியை எடைமேடைக்கு ஓட்டிப்போய் முன்னச்சு, பின்னச்சு எடையைச் சீட்டாக வாங்கிவையுங்கள். மட்கார்டு உயரத்தையும் அதன் பின்னால் எழுதிவையுங்கள். இன்ஜின் கீழே இறங்கிய பிறகு அந்த எண்களை எங்கேயும் வாங்க முடியாது.